சிகாகோவில் கிடைத்த குறுந்தொகை: ஏ.கே. ராமானுஜன்

ராமானுஜன் என்ற பெயரைச் சொன்னதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருபவர் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை. கொஞ்சம் பெரியவர்களைக் கேட்டால் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த வைணவ ஆசாரியரைச் சொல்வார்கள். இந்தக் கட்டுரை மூன்றாவது ராமானுஜனைப் பற்றியது. மைசூரில் பிறந்து, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதி, அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் பேராசிரியராக இருந்து, நம்முடைய சங்கப் பாடல்களை உலகத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்தவர். முழுப்பெயர் அத்திப்பட்டு கிருஷ்ணசாமி ராமானுஜன். சுருக்கமாக ஏ.கே. ராமானுஜன்.

தமிழில் ஒரு கவிதைத் தொகுப்புகூட வெளியிடாத ஒருவரைத் தமிழ் படிப்பவர்கள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

மாடியில் ஒரு மொழி, அடுக்களையில் ஒரு மொழி

1929ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தார் ராமானுஜன். அப்பா அத்திப்பட்டு ஆசூரி கிருஷ்ணசாமி மைசூர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். வானியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். அவருடைய புத்தகங்கள் இருந்தது மாடியில். மாடியில் பேச்சு ஆங்கிலம், ஓதுவது சமஸ்கிருதம். கீழே அம்மாவும் பாட்டியும் புழங்கிய அடுக்களையில் தமிழ். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். ஒரே வீட்டுக்குள் படி ஏறினால் ஒரு மொழி, இறங்கினால் வேறு மொழி! குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது பெண்கள் சொன்ன கதைகளெல்லாம் கீழ்த்தளத்து மொழியில்தான் வந்தன. பின்னாளில் அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அப்பாவைப் பற்றி ராமானுஜன் ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சுவையானது. அந்த மனிதர் வெளிநாட்டு அறிஞர்களோடு வானியல் பேசுவார். உள்ளூர்ப் பண்டிதர்களோடு உட்கார்ந்து ஜாதகமும் கணிப்பார். காலையில் குளித்துவிட்டுக் கீதை படிப்பார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலையும் அதே ஆர்வத்தோடு படிப்பார். பகுத்தறிவு வேகத்தில் இருந்த இளைஞனுக்கு இது பொறுக்கவில்லை. நெப்டியூனையும் புளூட்டோவையும் கண்டுபிடித்துவிட்டார்களே, உங்கள் நவக்கிரகக் கணக்கு என்ன ஆவது என்று கேட்டிருக்கிறார். தேவையான திருத்தத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று அப்பா அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னாராம். ரஸ்ஸலும் கீதையும் ஒரே தலைக்குள் எப்படி இருக்க முடியும் என்பதற்கு, மூளையே இரண்டு பாதியாகத்தானே இருக்கிறது என்றாராம்.

அன்றைக்கு எரிச்சலூட்டிய அந்தப் பதில் பல ஆண்டுகள் அவர் மனத்தில் கிடந்தது. இந்தியர்கள் சிந்திக்கும் முறை என்று ஒன்று உண்டா என்று கேட்டு அவர் எழுதி 1989இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில்தான் அப்பாவின் இந்தக் கதை வருகிறது. இடமும் ஆளும் நேரமும் மாறினால் விதியும் மாறும் என்று சூழலைப் பார்த்து நடப்பது ஒரு வகை. எங்கும் எப்போதும் ஒரே விதி என்று நிற்பது இன்னொரு வகை. இந்திய வாழ்க்கையில் முதல் வகைக்கே செல்வாக்கு அதிகம் என்பது அவர் வாதம். ஊருக்கும் பொழுதுக்கும் ஏற்றபடி காதலையே ஐந்து திணையாகப் பிரித்து வைத்த தமிழருக்கு இது புரியாத விஷயம் அல்ல.

ஆங்கில வாத்தியார் மொழியியலுக்குப் போன கதை

கல்லூரியில் முதலில் அறிவியல் எடுத்தார் ராமானுஜன். கணக்கில் மகனுடைய மனம் போகவில்லை என்பதைக் கணிதப் பேராசிரியரான அப்பாவே கண்டுகொண்டு, ஆங்கில இலக்கியத்துக்கு மாறச் சொல்லிவிட்டார். (எத்தனை வீடுகளில் இது நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!) மைசூர் மகாராஜா கல்லூரியில் ஆங்கிலத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்தபின் கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக ஆங்கிலம் கற்பித்தார். பெல்காமில் இருந்த நாட்களில் கன்னட நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டு எழுதி வைக்கத் தொடங்கினார். 1955இல் கன்னடப் பழமொழிகளைப் பற்றி ஒரு நூலும் வந்தது.

ஏறத்தாழ முப்பது வயது. நிலையான வேலை. அப்படியே இருந்திருந்தால் ஒரு நல்ல ஆங்கிலப் பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் அவர் மறுபடியும் மாணவரானார். புனே டெக்கான் கல்லூரியில் மொழியியல் படித்து 1958இல் பட்டயம் பெற்றார். 1959இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குச் சென்று இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கன்னட இலக்கணத்தை ஆராய்ந்து 1963இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்கு முன்பே, 1962இல், சிகாகோ பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1968இல் முழுப் பேராசிரியர் ஆனார். தெற்காசிய மொழிகள், மொழியியல், சமூகச் சிந்தனை என்று பல துறைகளில் அவருக்கு இடம் இருந்தது.

நூலகத்தின் கீழ்த்தளத்தில்

சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், 1962இல் ஒரு சனிக்கிழமை. பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணப் புத்தகம் கிடைக்குமா என்று தேடிப் பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார் ராமானுஜன். வீட்டில் பேசிய தமிழ் தெரியும், பழந்தமிழை அவர் முறையாகக் கற்றதில்லை. இலக்கணம் தேடிய கைக்கு வேறொரு புத்தகம் அகப்பட்டது. உ.வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு பதிப்பித்த குறுந்தொகை.

புத்தக அடுக்குகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்தார். உ.வே.சா.வின் உரைநடை அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. உரை வழியாகப் பாட்டும் திறந்துகொண்டது. அந்த ஒரு சனிக்கிழமை அவருடைய மிச்ச வாழ்நாளின் போக்கையே மாற்றிவிட்டது. 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்தது. அகம், திணை இரண்டையும் ஒரே தலைப்புக்குள் அடக்கிய பெயர். அகமும் புறமும் சேர்ந்த பெரிய தொகுப்பு 1985இல் 'போயம்ஸ் ஆஃப் லவ் அண்ட் வார்' என்ற பெயரில் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தமிழ் அவருக்குத் தாய்மொழி. பிறப்பால் வந்த உரிமை. ஆனாலும் குறுந்தொகை அவருக்குப் பிறப்பால் வரவில்லை. முப்பத்து மூன்றாவது வயதில், ஊரைவிட்டு எத்தனையோ ஆயிரம் மைல் தள்ளி, தரையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் வந்தது. ஒருவருடைய சொந்த மரபுகூடத் தானாகக் கைக்கு வந்து சேர்வதில்லை, அதை உழைத்துத்தான் மீட்டுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். அப்பா விட்டுப்போன வங்கிக் கணக்கை வாரிசுச் சான்றிதழைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். குறுந்தொகைக்கு அப்படி ஒரு சான்றிதழ் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் கிடையாது.

தலைகீழாய் நிற்கும் இரண்டு மொழிகள்

அவருடைய மொழிபெயர்ப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? சங்கப் பாட்டை ஆங்கிலத்தில் கொண்டுவருவதில் இருக்கும் சிக்கலைப் பார்த்தால் தெரியும். 'நேற்றைய மழையில் நனைந்த முற்றத்தில் நிற்கும் பசு' என்று தமிழில் சொல்கிறோம். மழை முதலில் வருகிறது, பசு கடைசியில். ஆங்கிலத்தில் பசு முதலில் வந்துவிடும், பிறகு முற்றம், மழை கடைசியில். ஒரு மொழி இன்னொன்றின் கண்ணாடிப் பிம்பம் மாதிரி. சங்கப் பாட்டிலோ அடைமொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நான்கைந்து அடி கடந்தபின்தான் சொல்ல வந்த பொருள் தலைகாட்டும். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டின் சுவையே இருக்கிறது. அதைத் தலைகீழாகப் புரட்டினால் சுவை போய்விடும்.

ராமானுஜன் இதற்காகவே வரிகளை உடைத்து, படிக்கட்டு போல உள்ளே தள்ளித் தள்ளி அச்சிட வைத்தார். பொருள் மெதுவாகக் கண்ணில் படும்படி அமைத்தார். நம் உரையாசிரியர்கள் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறித்துவைத்ததை அப்படியே பாட்டின் தலைப்பாக்கினார். அவள் சொன்னது, அவன் சொன்னது, அவளுடைய தோழி சொன்னது. அவ்வளவுதான் தலைப்பு. திணையோ துறையோ தெரியாத அயல்நாட்டு வாசகர்கூட ஒரு நாடகத்தின் நடுவில் நுழைந்தது போல உணர்ந்தார்.

இயற்பெயர் தெரியாமல், பாட்டில் வரும் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கப்படும் புலவரை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டை ராமானுஜன் மொழிபெயர்த்த விதம் ஆங்கில வாசகர்களிடையே பெரும் புகழ் பெற்றது. விக்ரம் சந்திரா 1995இல் வெளியிட்ட தம்முடைய முதல் நாவலுக்கு 'ரெட் எர்த் அண்ட் போரிங் ரெயின்' என்று பெயர் வைத்தது இந்த மொழிபெயர்ப்பிலிருந்துதான். பெயரே தெரியாத ஒரு சங்கப் புலவரின் உவமை இருபதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலின் அட்டையில் ஏறியது!

சங்க இலக்கியத்தோடு அவர் நிற்கவில்லை. பசவண்ணர், தாசிமய்யா, அக்கமகாதேவி, அல்லமப்பிரபு ஆகியோரின் கன்னட வசனங்களை 'ஸ்பீக்கிங் ஆஃப் சிவா' என்று 1973இல் கொண்டுவந்தார். நம்மாழ்வாரின் பாசுரங்களை 1981இல் 'ஹிம்ஸ் ஃபார் தி ட்ரௌனிங்' என்று வெளியிட்டார். ஆழ்வார் என்ற சொல்லுக்குள் ஆழ்ந்துபோதல் இருப்பதை வைத்து, மூழ்குகிறவர்களுக்கான பாடல்கள் என்று தலைப்பு. யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' நாவலையும் 1976இல் ஆங்கிலத்தில் தந்தார்.

எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. வீரசைவ வசனங்களை மேல்நாட்டு வாசகரின் ருசிக்கு ஏற்றபடி நவீனக் கவிதையாக்கிவிட்டார் என்று தேஜஸ்வினி நிரஞ்சனா 1992இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஒரு பாட்டைப் புதிய ஊருக்கு அழைத்துப் போகிறவர் புதிய உடுப்பு போட்டுத்தான் அழைத்துப் போகிறார். எந்த உடுப்பு, எவ்வளவு மாற்றம் என்பதில் சண்டை இருக்கத்தான் செய்யும்.

வைகையைப் பார்த்த கண்

மொழிபெயர்ப்பாளர் என்ற புகழ் அவருக்குள் இருந்த கவிஞரைக் கொஞ்சம் மறைத்துவிட்டது. முதல் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு 'தி ஸ்ட்ரைடர்ஸ்' 1966இல் வந்தது. தண்ணீரின்மேல் மெல்லிய கால்களை ஊன்றி, மூழ்காமல் நிற்குமே ஒரு பூச்சி, அதன் பெயர்தான் தலைப்பு. தொடர்ந்து 1971இல் 'ரிலேஷன்ஸ்', 1986இல் 'செகண்ட் சைட்'. கன்னடத்தில் 1969இல் 'ஹொக்குளல்லி ஹூவில்லா' தொடங்கி மூன்று தொகுப்புகள்.

முதல் தொகுப்பிலேயே மதுரையைப் பற்றிய கவிதை ஒன்று இருக்கிறது. வைகை கோடையில் வற்றிக் கிடப்பதையும், மழைக்காலத்தில் பெருகுவதையும் சொல்லிக்கொண்டே வருகிறது அந்தக் கவிதை. வெள்ளம் வந்தால் புலவர்கள் எல்லோரும் வெள்ளத்தைப் பாடுகிறார்கள். பழைய புலவர்கள் பாடினார்கள், புதிய புலவர்கள் அவர்களைப் பார்த்துப் பாடுகிறார்கள். அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றியும், அவள் வயிற்றில் இருந்த இரட்டைக் குழந்தைகளைப் பற்றியும் ஒருவரும் பாடவில்லை.

சங்கப் பாடல்களுக்காக வாழ்நாளில் பாதியைக் கொடுத்த ஒருவர் எழுதியது இது என்பதை மறந்துவிடக் கூடாது. மரபை நேசித்தவர்தான் மரபின் கண் எதைப் பார்க்கத் தவறியது என்றும் கேட்டிருக்கிறார். 'பழம்பெருமை' என்று மேடையில் முழங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு நிறைய.

சுவரிடம் சொன்ன பாட்டி

1991இல் வந்த 'ஃபோக்டேல்ஸ் ஃப்ரம் இந்தியா' என்ற தொகுப்பில் 22 மொழிகளின் வாய்மொழிக் கதைகள் இருக்கின்றன. அதில் ஒரு தமிழ்க் கதை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்களோடு இருக்கும் ஒரு கிழவி. நால்வரும் அவளைப் படாதபாடு படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. துக்கத்தை உள்ளேயே அடக்கி அடக்கி அவள் உடம்பு பருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி! ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, ஊருக்கு வெளியே கூரையில்லாத ஒரு பாழ் வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுகிறது. இப்படியே நான்கு சுவர்களும் விழ, கிழவியின் உடம்பு லேசாகிவிடுகிறது.

இந்த மாதிரிக் கதைகளை 'பாட்டி கதை' என்று ஒதுக்காமல், காவியங்களுக்குச் சமமாக வைத்துப் பேசியது ராமானுஜன் செய்த பெரிய காரியம். மாடியில் இருந்த சமஸ்கிருதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்த மரியாதையைக் கீழே அடுக்களையில் இருந்த பேச்சுக்கும் அவர் கொடுத்தார்.

முந்நூறு ராமாயணங்கள்

அதே பார்வைதான் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்துப் பெரும் சர்ச்சையானது. ராமாயணம் எத்தனை விதமாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றி ஐந்து எடுத்துக்காட்டுகளோடு அவர் எழுதிய 'முந்நூறு ராமாயணங்கள்' என்ற கட்டுரை 1991இல் நூல் வடிவில் வெளிவந்தது. வால்மீகியில் அகலிகை யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பனில் கல்லாகிறாள் என்று தொடங்கி, சமணர் சொன்னது, தாய்லாந்தில் சொல்வது, கன்னட நாட்டுப்புறத்தில் பாடுவது என்று போகிறது கட்டுரை. இவற்றில் ஒன்று மூலம், மற்றவை நகல் என்று அவர் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு சொல்முறை என்றார்.

கட்டுரையின் தொடக்கத்திலேயே ஓர் அழகான கதை வரும். ராமனின் மோதிரம் நழுவி விழுந்து பூமியைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. தேடிப் போன அனுமன் பாதாளத்தை அடைகிறான். அங்கே உள்ள ராஜா ஒரு தட்டை நீட்டுகிறான். தட்டு நிறைய மோதிரங்கள், எல்லாமே ராமனுடையவை! எத்தனை மோதிரமோ அத்தனை ராமர்கள் வந்து போயிருக்கிறார்கள்.

டெல்லி பல்கலைக்கழகத்தில் 2006இல் வரலாற்று இளங்கலைப் பாடத்தில் இந்தக் கட்டுரை சேர்க்கப்பட்டது. மத உணர்வைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு கிளம்பியது. 2008 பிப்ரவரியில் ஏ.பி.வி.பி. அமைப்பினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து சூறையாடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, நால்வர் கொண்ட வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. நால்வரில் மூவர் கட்டுரை இருக்கலாம் என்றார்கள். நான்காமவர் இளங்கலை மாணவர்களுக்கு இதைக் கற்பிப்பது கடினம் என்றார். 2011 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழு கட்டுரையைப் பாடத்திலிருந்து நீக்கியது.

புண்பட்டதாகச் சொன்னவர்கள் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு என்ன நஷ்டம்? கம்பனும் வால்மீகியும் ஒரே இடத்தில் ஏன் வேறு வேறு மாதிரி எழுதினார்கள் என்று கேட்கும் வாய்ப்பு போயிற்று. தமிழ்நாட்டில் பட்டிமன்ற மேடைகளில் ஆண்டாண்டு காலமாகக் கேட்கப்படும் கேள்விதான் அது. அதைப் பத்தொன்பது வயது மாணவர்கள் தாங்கமாட்டார்கள் என்பது மாணவர்களுக்குச் செய்த மரியாதை அல்ல.

கிடைத்ததும் விட்டுச்சென்றதும்

1976இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. 1983இல் அமெரிக்காவின் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. 1990இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் போடும் சிறு இணைப்புக்கோடுதான் தாம் என்று அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

1993 ஜூலை 13ஆம் தேதி, சிகாகோவில் ஓர் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது உடல் அதை ஏற்காமல் காலமானார். வயது 64. எழுதி முடித்தவையும் முடிக்காதவையுமாக ஏராளமான தாள்கள் இருந்தன. முழுக் கவிதைத் தொகுப்பு 1995இலும், கன்னட நாட்டுப்புறக் கதைகள் 1997இலும், கட்டுரைகள் 1999இலும் வந்தன. கவிதைத் தொகுப்புக்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

ராமானுஜனுக்குக் குறுந்தொகை கிடைக்கக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் இல்லை. 401 பாடல்களும் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலான கல்லூரி நூலகங்களிலும் ஒரு பிரதி இருக்கும். பள்ளியில் இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்த பாட்டுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிவரைதான் ஒரு பாட்டு. உரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்று படித்தால்கூடப் பதின்மூன்று, பதினான்கு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு சனிக்கிழமை போதும், தொடங்குவதற்கு.